கமலாவுக்குப் பெயர்த்தொடர் பிடிபட்டது

வியாழன்.

பள்ளியில் கத்திய தொண்டையோடு இன்றும் என் மனைவி கமலாவுக்கு ஆங்கிலப் பெயர்த்தொடரைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் நியூசிலாந்தில் தாதி வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். தமிழைப் போலவே எல்லா விவரத்தையும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடுக்குகிறாள். அலுத்துப்போய், “ஈப்போ ஆஸ்பத்திரி வார்டில் அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் நோயாளியைப் பற்றி இங்கிலீஷில் எப்படிச் சொல்வே?” என்று கேட்டேன். முதலில் ஆள், பிறகு கட்டில், பிறகு நோய் என்று சரளமாகச் சொன்னாள்.

“அதேதான், பெயர்ச்சொல் முன்னால, விவரம் பின்னால” என்றேன்.

“இவ்ளோதானா? அப்ப பாஸ் ஆயிருவேன் லா.”

“ஆயிருவே.”

மகளின் சடையை அவிழ்த்துக்கொண்டே, “நான் போயிட்டா பாப்பாவுக்கு யாருங்க பின்னிவிடுவா?” என்றாள். நான் புத்தகத்தை மூடினேன்.

சற்றுமுன், தூங்கும் பிள்ளையின் முடியை மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பிடிக்குள் நிற்காமல் நழுவுகிறது.