மூன்றாம் தொட்டியின் வால்வு

நவம்பர் 4, 2057. காலை 9.10
சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையம். பதிவு: கிரிதரன், வேதியியலர். பம்புகள் சீர். மூன்றாம் தொட்டி நிரம்பிவிட்டது. மழைக்கோட்டுத் துணிக்குத் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசும் உயிர்ப்பூச்சின் மிச்சம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். எரிக்க வேண்டும் என்பது விதி. எரிக்க டீசல் வரவில்லை, வழக்கம்போல.

பகல் 11.40
மழை. ஆலை மேலாளர் அழைத்தார்: "மழ புடிச்சிருச்சு கிரி, வால்வத் தொறந்து உட்ரு. வெள்ளத்தோட வெள்ளமாப் போயிரும்." எங்கள் தொழிலில் இது ஊரறிந்த ரகசியம். சாயத்தை இப்படிப் பதினேழு முறை விட்டிருக்கிறேன். இதையும் நாற்பது நிமிடம் ஆற்றில் விட்டேன். பிறகு டீ குடித்தேன்.

நவம்பர் 9. காலை 8.00
தவறு என்னுடையது. தொட்டியின் உப்பு நீரில் அது வளராமல் கிடந்தது. மழையின் நல்ல நீர்தான் அதற்குத் தீனி. ஆற்றங்கரை மண்ணில் நீர் ஊற்றினேன். உருண்டு ஓடிவிட்டது. நான்கு நாள் மழைக்கும் ஓர் அங்குலத்துக்குக் கீழே புழுதி. நிலையத்து ஆட்கள் போய்விட்டார்கள். எனக்குப் பயமாக இல்லை, மனம் மரத்துப்போயிருக்கிறது.

நவம்பர் 13. மாலை 4.25
ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள எங்கள் ஊர் கல்லாங்காட்டுப்புதூரிலிருந்து என் மனைவி யாழினி, இருவழி வானொலியில்: "ஏனுங்க, கெணறு நெம்பிக் கெடக்குது. குடிச்சா நாக்குலயே ஒட்ட மாட்டேங்குது, அப்படியே போயிருது. பாப்பாவுக்கு ரெண்டு நாளாத் தாகம் அடங்கலீங்க. கண்ணு உள்ள போயிருச்சு."
எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. எங்கள் மகள் நேயாவுக்கு ஐந்து வயது.

நவம்பர் 14. காலை 7.30
சோதனை முடிவு: மிகுந்த உப்பில் பூச்சு சாகிறது. நிலையத்தில் தொண்ணூறு லட்சம் லிட்டர் கழிவு உப்புநீர் இருக்கிறது. ஆற்றில் விட்டால் வயல்கள் ஒழிந்தன. ஆனால் பிள்ளைகள் ஒரு மிடறு குடித்தால் வயிற்றில் ஒட்டிய பூச்சு கரைந்துவிடும். நாளைக் காலை மறுகரை வழியாக ராணுவ லாரியில் வரும் நல்ல தண்ணீர் உடம்பில் சேரும். ஒரு மிடறுதான். அதற்கு மேல் நஞ்சு.

காலை 8.05
திறந்துவிட்டேன். பழக்கப்பட்ட கை.

காலை 8.20
யாழினிக்குச் செய்தி: ஒரு மிடறு மட்டும். போய்ச் சேர்ந்தால் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. நேற்றுவரை எரிந்தது. மீண்டும் அனுப்பினேன். எரியவில்லை. வால்வை மூடினேன். விட்டது விட்டதுதான், ஆற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

பிற்பகல் 3.50
யாழினி: "ஏனுங்க, கேக்குதுங்களா? ஆத்துல வேற தண்ணி வருது, செவப்பா. உப்புக் கரிக்குது. ஆனா நாக்குல ஒட்டுதுங்க! பாப்பா ஒரு சொம்பு குடிச்சுட்டா. இன்னும் இன்னும்னு கேக்கறா. நீங்கதான ஏதோ பண்ணீங்க? எனக்குத் தெரியுமுங்க."
சொம்பைப் பிடுங்கு என்றேன். பிடுங்கு யாழினி. பிடுங்கு. விளக்கு

பிற்பகல் 4.15
இருபத்தெட்டு முறை அழைத்தேன். அவள் குரல் வருகிறது, என் குரல் போகவில்லை. விளக்கு இல்லை. ஊருக்குச் சாலை எழுபது கிலோமீட்டர், பாலங்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

மாலை 4.31
யாழினி: "பாப்பா தூங்கிட்டாளுங்க. எத்தன நாள் கழிச்சு. நானும் ஒரு சொம்பு குடிச்சுப் போட்டு அவகூடப் படுத்துக்கறேன்."