சுண்ணாம்பு பூசிய ஷூ

திருவனந்தபுரம்
ஆகஸ்ட் 1984

அன்பு மகன் தளவாய்க்கு,

நம் லைன் வீட்டுப் பிள்ளைகள் விளையாடின மைதானத்தைப் பிடுங்கித்தான் அந்த ஸ்போர்ட்ஸ் ஹாலைக் கட்டினார்கள். இதைச் சொன்ன பிறகுதான் எனக்குச் சுகம் விசாரிக்க வருகிறது. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பம்பாயில் நல்ல மழையாமே, ஈரத்துணியோடு வேலைக்குப் போகாதே.

நீ அனுப்பிய ஷூ வந்தது. உன் தங்கை செண்பகவல்லி அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள். நாளை மறுநாள் அந்த ஹாலில் ஜில்லா ஷட்டில் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், அவள் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் பெயர் மட்டும்தான் போயிருக்கிறது. பழகிப் பார்க்கலாம் என்று ஷூவை மாட்டிக்கொண்டு போனாள். வாசல் காவல்காரர் வேலாயுதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கறுத்த சோல் பற்றில்ல மோளே, தரைப் பலகையில் கறை வீழும், வெள்ளை வேணம் என்று, கறுப்பு அடி ஆகாதென்று திருப்பி அனுப்பிவிட்டார். உன் அப்பா சாலை பஜார்க் கடைகளில் ஏறி இறங்கினார், வெள்ளை அடி வைத்ததன் விலை நமக்கு எட்டாது. வெள்ளையடிக்கிற மனுஷனுக்கு வேறென்ன தோன்றும், அந்த ஹாலின் சுவருக்கு அடித்து மிஞ்சின சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை கலந்து ஷூவின் அடியில் பூசிக் காயவைத்தார். செவுத்துல நிக்குது, இதுல நிக்காதாக்கும் என்றார்.

நேற்று உள்ளே விட்டார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு பந்தையும் விடாமல் ஆடினாள், கால் வைத்த இடமெல்லாம் வெள்ளைத் தடம். ஹால் மெம்பர் வீட்டுப் பெண் ஒருத்தி, நின்றெ அச்சன் தரைக்கும் வெள்ளை பூசுமோ என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஹால் செக்ரட்டரி செண்பகவல்லி கையிலேயே ஈரத்துணியைக் கொடுத்துத் துடைக்கவைத்தார். முட்டி போட்டுத் துடைத்தாள். வீட்டில் உன் அப்பா சுண்ணாம்பு உதிர்ந்த ஷூவைப் பார்த்தே தெரிந்துகொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார். அஸ்திவாரத்துக்கு மண் சுமந்தவள் நான். பலகை பதித்த நாளெல்லாம் இவள் வெறுங்காலோடு அதன் மேல்தான் ஆடினாள், அப்போது எந்தக் கறையும் விழவில்லை. மைதானத்தைக் கேட்டு வந்த கமிட்டிக்காரர்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னதை நீயும் கேட்டாய்.

எந்த ஊரிலும் யார் முன்னாலும் முட்டி போடாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். நீ எழுதியிருந்த கைக்காயத்துக்கு மருந்து போட மறக்காதே. இனி ஷூ அனுப்பாதே.

உன் அம்மா,
உலகம்மாள்

கடிதத்தை ஒட்டும் முன் இதையும் எழுதுகிறேன். இன்று சாயங்காலம் செக்ரட்டரியின் காரை மறித்து, நாளை மறுநாள் என் மகளை வெறுங்காலோடு ஆட விடுங்கள் என்று கேட்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.