ரிமோட்டுக்கும் நெற்றி உண்டு

என் வலது கையில் இரண்டு விரல்கள் சந்தனம் மணக்கின்றன. கட்டைவிரலில் இருப்பது போன வருஷத்துச் சந்தனம். மோதிர விரலில் இருப்பது இன்று காலை கரைத்தது. பூஜை ஏதும் செய்யவில்லை. நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் நம் வீட்டில் இந்த முறை பண்டிகை கிடையாது. ஒரு ரிமோட்டைத் துடைத்தேன், அவ்வளவுதான். காய்ந்து கெட்டியான சந்தனம் ஈரத்துணி பட்டதும் இப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

ஹாலில் இருக்கும் மியூசிக் சிஸ்டத்தின் ரிமோட்டைச் சொல்கிறேன். பெட்டியின் முகப்பில் இருந்த பொத்தான்கள் எப்போதோ செத்துவிட்டன. ரிமோட் சொன்னால்தான் பாடும். இப்போது ரிமோட்டுக்கும் வயதாகிவிட்டது. பாட்டைத் தொடங்கும் பொத்தானின் ரப்பர் நைந்துபோய், நகத்தால் குத்தினால்தான் அசைகிறது. அதுவும் நின்றுவிட்டால் பெட்டி வெறும் மரச்சாமான். வேறு பெட்டி வாங்கித் தருவதாக வித்யா சொன்னாள். நீ பெற்ற மகளுக்கு எல்லாமே வாங்கினால் சரியாகிவிடும். எனக்கு அந்தப் பெட்டிதான் வேண்டும். பாட்டுக்கு முன்னால் அது போடுகிற கரகரப்போடுதான் எனக்குப் பொழுது விடிகிறது.

ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த நாள் முதல் காலைக் காபி என் பொறுப்பாயிற்று. நீ பென்டிரைவில் உன் வரிசைப்படி பாட்டுகளை ஏற்றி வைத்துக்கொண்டு, ரிமோட்டும் கையுமாகப் பிரம்பு நாற்காலியில் உட்காருவாய். "முதல் பாட்டு முடியறதுக்குள்ள காபி வந்துடணும்" என்பாய். பொன்மலை ரயில்வே பட்டறையில் எந்த அதிகாரியும் என்னை அப்படி விரட்டியதில்லை.

நான் பிடிவாதமாக இருந்ததால் வித்யா பெங்களூரிலிருந்து ஒரு புது ரிமோட் அனுப்பினாள். பழைய ரிமோட்டிடம் பாடம் கேட்டுக்கொள்கிற ஜாதி. இரண்டையும் முகத்துக்கு முகம் படுக்கவைத்து, பழையதை அழுத்தினால், அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் புதியது மனப்பாடம் செய்துகொள்ளும். ஏறிவிட்டால் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டும். ஏறவில்லை என்றால் நீளமாக ஒரு முறை எரிந்து அணைந்துவிடும்.

எனக்கு நீளமாகத்தான் எரிந்தது. புது பேட்டரி போட்டேன். வெயில் படுகிறதோ என்று ஜன்னலைச் சாத்தினேன். ட்யூப் லைட் குழப்புமாம், அதையும் அணைத்தேன். இரண்டு விரல் இடைவெளி, நாலு விரல் இடைவெளி, தட்டி எடுப்பது, அழுத்திப் பிடிப்பது, எல்லாம் செய்தேன். ஏசி ரிமோட்டைக் கொண்டுவந்து வைத்ததும் முதல் அழுத்திலேயே சிமிட்டியது. ஆக, கோளாறு கற்றுக்கொள்கிறவனிடம் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நீ இருந்திருந்தால் "ரிமோட்டைத் திட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் போனில் வித்யாவிடம் புலம்பினேன்.

"அப்பா, போன் கேமராவைத் திறந்து, ரிமோட் முன்னாடி இருக்கிற பல்பைப் பாத்துக்கிட்டே அழுத்துங்க. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும்."

ஏசி ரிமோட் கேமராவில் ஊதா நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. நம்முடையது, கொசுவலைக்குப் பின்னால் இருக்கும் விடிவிளக்கு மாதிரி மங்கலாகத் தெரிந்தது. பல்பு போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்தது அழுக்கு இல்லை. பல்பை மூடிக்கொண்டு வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் வெளிறிப்போன குங்குமம். போன ஆயுத பூஜைக்கு நீ வைத்தது.

சிரித்துவிட்டேன். ஏனென்றால் இதில் முதல் குற்றவாளி நான்தான். கல்யாணமான புதிதில் ஆயுத பூஜைக்குப் பட்டறையைப் பார்க்க உன்னை அழைத்துப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? துறையூரிலிருந்து வந்த பெண், லேத்தையும் எஞ்சினையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தாய்.

"ஏங்க, இதுக்கெல்லாம் நெத்தி எங்க இருக்குன்னு எப்படித் தெரியுது?"

"எது முன்பக்கமோ அதான் நெத்தி" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நீ அதைச் சட்டமாக்கிக்கொண்டாய். மிக்ஸி, பிரிட்ஜ், ஸ்கூட்டர், என் ஷேவிங் மிஷின் வரைக்கும் முன்பக்கம் பார்த்துப் பொட்டு வைத்தாய். ரிமோட்டுக்கு முன்பக்கம் பல்புதானே. அதன் பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து அழுத்தினால் பெட்டி பாடாது. எழுந்து கிட்டப் போக வேண்டும். "அதுக்குக் காது மந்தம்" என்றாய். நானும் அதை நம்பினேன். பெட்டிக்குக் காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நீதான் ரிமோட்டின் வாயில் சந்தனத்தை அப்பியிருக்கிறாய்.

துணியை நனைத்து எடுத்து வந்தேன். ஆனால் துடைக்க மனம் வரவில்லை. வீட்டில் மற்ற பொட்டுகளெல்லாம் கைபட்டு, தண்ணீர் பட்டு எப்போதோ போய்விட்டன. இனி உன் கை வைத்தது என்று இது ஒன்றுதான். இதைக் காப்பாற்றினால் பெட்டி ஊமையாகும். பெட்டியைப் பாடவைக்க வேண்டுமானால் இதை அழிக்க வேண்டும். ரிமோட்டை உன் நாற்காலியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

இன்று காலை வித்யாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"துடைங்கப்பா. அம்மா வருஷா வருஷம் பழசைத் துடைச்சிட்டுத்தானே புதுசு வைப்பாங்க. நான்தானே ஈரத்துணி பிடிச்சிக்கிட்டுக் கூடவே நிப்பேன்."

அதுவும் சரிதான். பட்டறையில் பூஜை முடிந்து நான் வீடு வருவதற்குள் நம் வீட்டுப் பூஜைக்கு எல்லாம் தயாராக இருக்கும். பொட்டு மட்டுமே என் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த துடைப்பு தெரியாது. துணியால் பாதியும் கட்டைவிரலால் மீதியுமாகத் துடைத்தேன். ஹால் முழுக்க மணந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் துக்கமாக இல்லை.

பிறகு இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து அழுத்தினேன். விளக்கு படபடவென்று சிமிட்டியது. புது ரிமோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அடுப்படியில் நின்றபடியே அழுத்தினேன். கரகரத்துவிட்டு உன் முதல் பாட்டு வந்தது. அது முடிவதற்குள் காபியும் வந்துவிட்டது, கேட்டுக்கொள்.

காபி குடித்துவிட்டு, உன் பூஜை அலமாரியிலிருந்து சந்தன வில்லை ஒன்றை எடுத்துக் கரைத்தேன். பண்டிகை இல்லாத வருஷத்தில் இது என்ன என்று யாரும் கேட்க வந்தால் பார்த்துக்கொள்ளலாம். புது ரிமோட்டுக்குப் பின்பக்கம், பேட்டரி மூடியின்மேல் பொட்டு வைத்தேன். இனி தினமும் பேச வேண்டியது அதுதான்.

பழையதற்கு எங்கே வைப்பது என்று யோசித்தேன். அது சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டது. அதனால் நீ வைத்த இடத்திலேயே, நெற்றியிலேயே வைத்துவிட்டேன்.