இருபத்தோரு வயதில் அரை அங்குலம்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
18-10-1964

அன்பு மகள் அக்னஸுக்கு அம்மா எழுதுவது. பம்பாயில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் வழக்கம்போலப் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உன் தம்பி ஸ்தனிஸ்லாஸ் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தான். பதறாதே, முழுசாகப் படி, படித்துவிட்டு என்னைத் திட்டு.

போலீஸ் ஆள் எடுப்பில் அரை அங்குலம் குறைகிறது என்று ஆடியில் அவனைத் திருப்பி அனுப்பினார்களே, தையில் இன்னொரு தடவை எடுக்கிறார்கள், அதை விட்டால் வயசு தாண்டிவிடும். இருபத்தோரு வயசில் இன்னும் வளர முடியுமா, நீ நர்ஸ் ஆயிற்றே, கேட்டு எழுது என்று அவனுக்காக நான்தான் உனக்கு எழுதினேன். நீயும் பதில் போட்டாய். எலும்பின் நுனி மூடிவிட்டால் அப்புறம் வளராது, யாரோ ஒருத்தர் இரண்டு பேருக்குத்தான் இருபது தாண்டிக் கொஞ்சம் ஏறும், வளர்த்திவிடுகிறேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள் என்று. அந்தக் கடிதத்தை நான் அவனிடம் காட்டவில்லை அக்னஸ். அரிசிப் பானைக்குள் சொருகிவிட்டேன். அவன் நோஞ்சானாகப் பிறந்தபோது நேர்ந்துகொண்டபடி வருஷா வருஷம் மாதா திருநாளுக்கு அவன் உயரத்துக்கு மெழுகுதிரி கொடுக்க நூல் பிடித்து அளப்பேனே, இந்த வருஷத்து நூல் போன வருஷத்து நூலைவிட அரை விரல்கடை கூடுதல். மாதாவுக்கு அளந்த நூல் பொய் சொல்லுமா, நாலு எழுத்துப் படித்தவுடன் இவள் என் பிள்ளை வளர்த்திக்குக் கணக்குச் சொல்கிறாளா என்று உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அக்கா பதிலே போடவில்லை, நீ வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாய் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

அதை நம்பி அவன் போய் விழுந்தது ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் கொட்டகை போட்டிருக்கும் பிச்சமுத்து என்கிற எமனிடம். வளர்கிற உடம்பை இழுத்துவிட்டால் போதும் என்றானாம். இரண்டு மணிக்கட்டையும் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, காலில் மணல் மூட்டை. தினம் ஒரு மூட்டை கூடுதல். ஏழாம் நாள் வலது தோள் கழன்றது. பிள்ளை அலறியிருக்கிறான், அந்தப் பாவி வாயில் துண்டை அடைத்துவிட்டு, வலித்தால்தான் வளரும் என்று காலைப் பிடித்து இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தானாம். குதிரைவண்டிக்காரர் ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். கை ஈரத்துணி மாதிரித் தொங்கியது. டாக்டர் தோளைப் பூட்டினார், நரம்பு இழுபட்டிருக்கிறது, விரல் அசையுமா அசையாதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வலது கை. போலீஸ் கிடக்கட்டும், இனி சோற்றை எந்தக் கையால் அள்ளித் தின்பான்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கம் பஸ் ஏறக் கிளம்பினேன். உங்க அப்பா வேண்டாம் மேரி என்று கையைப் பிடித்தார், நான் உதறியதில் கதவில் போய் மோதிக்கொண்டார். பிச்சமுத்து வாங்கம்மா என்று கும்பிட்டான். கும்பிட்ட கையிலேயே முதல் அடி. அங்கே கிடந்த கயிற்றை இரட்டையாக மடித்து முகம் முதுகு பார்க்காமல் விளாசினேன். உதடு கிழிந்தது. ஓடப் பார்த்தவனை முடியைப் பிடித்துக் கம்பத்தில் மோதினேன், பல் ஒன்று தெறித்தது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். செத்திருந்தால் இந்நேரம் ஜெயிலில் இருப்பேன், அதற்கும் துணிந்துதான் நின்றேன். வாயெல்லாம் ரத்தத்தோடு அவன் ஒன்று சொன்னான். நான் கூப்பிடலைங்க, வீட்டுல அளந்து பார்த்தாங்க, இன்னும் வளர்றேன்னு உங்க பையன்தாங்க வந்து நின்னாரு என்றான். அதற்குமேல் எனக்குக் கை ஓங்கவில்லை.

நூல் சமாசாரத்தை டாக்டரிடம் கேட்டேன். எந்த நேரத்தில் அளந்தீங்க என்றார். போன வருஷம் சாயங்காலம், இந்த வருஷம் அவன் தூங்கி எழுந்ததும், முதல் பூசைக்கு முன்னால். காலையில் எல்லாருமே கொஞ்சம் உயரம்தாம்மா, பகலெல்லாம் நின்று நடந்தால் முதுகெலும்பு அமுங்கிச் சாயங்காலம் குறைந்துவிடும் என்றார். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் பிள்ளையைத் தொங்கவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் விரல் ஒன்றும் அசையவில்லை. அவன் உன்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தான். அக்கா ஒரு வரி போட்டிருந்தால் போயிருக்க மாட்டேன், செத்தாலும் அவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்பான், நான் வாயை மூடிக்கொண்டு விசிறுவேன். நேற்று வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னான். பொறுக்காமல் ஓங்கி ஓர் அறை விட்டேன், அந்த நிலைமையில் கிடக்கிற பிள்ளையை. அப்புறம் பானையில் கைவிட்டு உன் கடிதத்தை எடுத்து, தேதியிலிருந்து வாசித்தேன். பாதி வாசிப்பதற்குள் பித்தளை டம்ளர் பறந்துவந்து என் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. உங்க அப்பா அவனை அடிக்கப் பாய்ந்தார், நான்தான் குறுக்கே விழுந்து அவர் கையைக் கடித்தேன். உங்க அப்பா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உன் தம்பி டம்ளரை எறிந்தது வலது கையால். அவனே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அழுதான்.

எனக்கு மூன்று தையல், வலிக்கவே இல்லை. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார், வேளாவேளைக்குச் சாப்பிடு. பதிலை உன் தம்பி பேருக்கே போடு, நான் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இருதயமேரி