கண்ணுக்கு ஒரு வாக்கெடுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம், எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நலமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் என் கண்ணைத் திட்டு.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இனித் தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நேற்று காப்பியில் உப்பைப் போட்டுவிட்டேன், உன் அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். ஆனால் ஆபரேஷன் என்று வாயைத் திறந்தால் போதும், "முதல்ல மசோதாவைத் தாக்கல் பண்ணு" என்கிறார். சட்டமன்றத்தில் ஆயுள் முழுக்கச் சுருக்கெழுத்து எழுதியவருக்கு அவர்கள் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், எனக்கு யார் கொடுப்பார்கள்? தலையெழுத்தே என்று தாக்கல் செய்தேன். தேர்வுக் குழு ஆராய வேண்டுமாம், காலையில் தன்னோடு நடைப்பயிற்சி போகிற கூட்டாளிகளிடம் கொண்டுபோனார். அதில் ஒருவர், அவருடைய பழைய ஆபீஸ் காவலர், இதே ஆபரேஷனில் ஒரு கண்ணை இழந்தவர். அன்று வீட்டுக்கு வந்த உன் அப்பா சாப்பிடாமலேயே, "விவாதம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று போய்ப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து தினமும் ஒத்திவைப்புதான். எரிச்சலில் நாலு வார்த்தை கேட்டால், "அதை அவைக்குறிப்புலேருந்து நீக்கிடுங்க" என்கிறார், யாரிடம் சொல்கிறாரோ, வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

சரி, வாக்கெடுப்பாவது நடத்துங்கள் என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். நான் ஆதரவு, அவர் எதிர்ப்பு. உன் தம்பியைப் போனில் கேட்டால், "எனக்கு ரெண்டு பேருமே வேணும், நான் நடுநிலை" என்று நழுவிவிட்டான். சமமாக வந்தால் சபாநாயகர்தான் ஓட்டுப் போட வேண்டும் என்கிறார். அது நீதான், சின்ன வயதில் எங்கள் சண்டையை நிறுத்தக் கரண்டியால் மேஜையைத் தட்டுவாயே, அன்று அவர் கொடுத்த பதவி. உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லை. சரி, உன்னையே கேட்கலாம் என்றால், "அவளைக் கலவரப்படுத்தாதே" என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறார். இந்த மனிதரோடு எப்படியம்மா குடித்தனம் நடத்துவது?

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைக்கு நாள் வாங்கிவிட்டேன். நீ எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் போகத்தான் போகிறேன். ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார், கூடவே வந்துவிடுவார். தனியாகப் போய்ப் படுக்க எனக்கும் பயமாக இருக்கிறதடி.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவர் எடுத்ததும் முதலில் மேஜையைத் தட்டு.

இப்படிக்கு,
இந்த வீட்டின் நிரந்தர எதிர்க்கட்சி,
உன் அம்மா