ஷட்டரை மூடியது நீ

நிறுவனத்தின் புதிய கையேடு நேற்று தபாலில் வந்தது. பல்கலைக்கழகத்தின் ஆற்றல் பொறியியல் நிறுவனம் என்னென்ன ஆய்வுகள் செய்கிறது என்று வழவழப்பான தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். சூரிய வெப்பம், காற்றாலை, ஆலைகளில் மின்சிக்கனம். உயிரிக்கழிவு எரிபொருள் என்ற பக்கத்தில், நம் இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி நீ சிரிக்கிறாய். மின்வெட்டு வந்த பிறகு எல்லா ஆலைக்காரர்களும் அந்த இயந்திரத்தைக் கேட்கிறார்களாம். கையேட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. உன் நினைவுக் கூட்டத்தில் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

பேச மாட்டேன். சொல்ல இருப்பதை உனக்கே எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். மாங்கூழ் ஆலைகளில் மலையாகக் குவியும் கொட்டையைக் காயவைத்து, அதிலிருந்து எரிவாயு எடுத்து ஜெனரேட்டரை ஓட்டுவதுதான் நம் ஆய்வு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் ஓர் ஆலை தன் கொட்டகையைத் தந்தது. நீ மத்திகிரிக்காரன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வாய் ஓயாது உனக்கு. நான் கோவில்பட்டியிலிருந்து அப்பாவின் ஃபேக்டரி வேலைக்காக மூக்கண்டப்பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். எனக்குத் தமிழை விட்டால் வேறு பேச்சு கிடையாது. இயந்திரத்தில் கொட்டை போட, கன்னடம் மட்டுமே தெரிந்த நாகம்மா வருவாள். அவளோடு நான் சைகையில் பேசுவதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நீ கெட்டிக்காரன்தான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை.

அன்று கொட்டை போடும் மூடியின் ஓரத்தில் வாயு கசிந்தது. "நிறுத்திடு. ஓசூர் போயி சீல் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன். "நீ போ, நான் நிறுத்திடறேன்" என்றாய். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு மணமோ நிறமோ கிடையாது, மூடிய இடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இதெல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து நாம் சேர்ந்து படித்த பாடம்.

நான் திரும்பும்போது நல்ல மழை. கொட்டகையின் ஷட்டர் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம். நீ வெளியே, தாழ்வாரத்தில் மேசை போட்டு அளவு குறித்துக்கொண்டிருந்தாய்.

"நாகம்மா எங்க?"

"உள்ளதான். கொட்டை நனையுதுன்னு ஷட்டரை எறக்கிட்டேன். கொஞ்சம் இரு, ரீடிங் முடிஞ்சிரும்."

ஷட்டரைத் தூக்கினேன். கொட்டைக் குவியலின் மேல் அவள் குப்புறக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நீ முந்திக்கொண்டாய். "காலையில சாப்புடாம வந்துருக்குது டாக்டர், மயக்கம்." "இல்ல டாக்டர், கேஸு! மூடின கொட்டகையில இருந்தாங்க" என்று நான் கத்திய பிறகுதான் ஆக்சிஜன் வைத்தார்கள். உயிர் தங்கியது.

அவள் கணவர் பசப்பா ஓடிவந்தார். நீ அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போய்க் கன்னடத்தில் தணிந்த குரலில் பேசினாய். ஆறுதல் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாங்காய்ப் பருவத்தில் தொரப்பள்ளியைத் தாண்டி அவர்கள் ஊருக்குப் போனேன். நாகம்மா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்துச் சிரித்தாள். உலை வைத்துவிட்டு, அதை மறந்து தெருவோடு போய்விடுகிறாளாம். பசப்பா வாசலை மறித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "ஷட்டரை எறக்கி உட்டுட்டு கடைக்குப் போனவ நீதானே? அந்த சார் அன்னைக்கே சொல்லிட்டாரு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்தே?"

மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆமா, சொன்னேன். இப்ப உனக்கு என்ன ஆயிப்போச்சு? போலீசுக்கா போனான் அவன்?" சிரித்தபடியே பஸ் ஏறினாய்.

நிறுவனத்தில் முறையிட்டேன். பார்த்த சாட்சி யார் என்றார்கள். பார்த்தவள் நாகம்மா ஒருத்திதான், அவளுக்கோ அந்த நாளே நினைவில் இல்லை. நீ டாக்டர் பட்டம் வாங்கினாய், அங்கேயே வேலையிலும் அமர்ந்தாய். நான் பாதியில் விட்டுவிட்டு ஓர் ஆலையின் பாய்லர் பிரிவில் சேர்ந்தேன். அங்கே கூட வேலை செய்தவர்களிடம் கன்னடம் கற்றுக்கொண்டேன். என் எதிரிலேயே என்னைப் பற்றி எவரும் எனக்குப் புரியாமல் பேச இனி இடம் கொடுக்கக் கூடாது என்ற வைராக்கியம் தவிர வேறு காரணமில்லை.

நீ போன செய்தி வந்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்றாவது உன்னை அந்த வாசலுக்கு இழுத்துப்போய், உன் வாயாலேயே சொல்ல வைப்பேன் என்று காத்திருந்தேன். மாரடைப்பில் தப்பித்துக்கொண்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். நடந்தது முழுவதையும் கன்னடத்தில் பசப்பாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. நான் முடித்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, தன் மொழியில் கேட்டார்:

"அவரு செத்துப்போற வரைக்கும் காத்திருந்தியாம்மா, இதைச் சொல்ல?"

நீ எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.