கட்டைக் குழல் ரிவோல்வரும் குளக்கட்டில் ஒரு பின்னேரமும்

அண்ணா,

நேற்று அலுமாரியின் கீழ்த்தட்டைத் துப்புரவாக்கும்போது உங்கள் தோல் உறை கையில் பட்டது. இடுப்பில் ரிவோல்வர் செருகுகிற உறை. மாரி ஈரத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடித்துக் கிடந்தது. முற்றத்து வெயிலில் வைத்துத் துடைத்தேன். சூடு ஏறியதும் மணம் வந்தது, தோலும் எண்ணெயும் நீங்கள் முழங்காலுக்குப் பூசுகிற தைலமும் கலந்த மணம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த உறைக்குள் ஒரு நாளாவது ரிவோல்வர் இருந்ததில்லை என்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போன மிடுக்கைப் பார்த்து, கனடாக்காரர் ஏதோ பெரிய ஆயுதம் வைத்திருக்கிறார் என்று சந்தியில் கதை அடிபட்டது. உள்ளே இருந்தது வெற்றிலை சுற்றிய கடதாசிச் சரை. பிறகு ஒரு யானை வெடி, யானை கலைக்கக் கொளுத்துகிற பெரிய பட்டாசு.

அண்ணி போய்ச் சேர்ந்த பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அரை ஆயுளை அங்கே வடக்குக் காட்டில், சுரங்க வேலைக்காரருக்குச் சமைத்துக் கழித்துவிட்டு, அப்பாவின் வயலைச் செய்யப் போகிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். எங்களுக்குச் சொக்கலேட், உங்களுக்கு அந்த உறை. சுரங்க முகாமில் காவலுக்கு நின்ற வெள்ளைக்காரக் கிழவர் வேலையை விட்டுப் போகும்போது உங்களுக்குத் தந்ததாம்.

"சமையல்காரனுக்கு எதுக்கண்ணா உது?" என்று கேட்டேன்.

"கரடி முதல்ல வாறது குசினிக்குத்தானே, பிள்ளை," என்றீர்கள்.

வயலுக்குப் போகிற வழி உங்களுக்கு மறந்து போயிருந்தது. பஸ் போகும் தெருவில் இறங்கி, காட்டுக்குள்ளால் நடந்து, சின்னக் குளத்தின் அணைக்கட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கினால்தான் வயல். நீங்கள் சின்ன வயதில் ஓடித் திரிந்த காடுதான். ஆனால் இடையில் சண்டையால் ஊர் வெறுமையாகக் கிடந்த காலத்தில் அது யானைகளின் வழியாகிவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது அவை எங்களை விருந்தாளி போலத்தான் பார்த்தன. நீங்கள் வந்த முதல் கிழமையே நெல்லுக்குள் மிதித்த தடத்தைக் கண்டு அதற்குள் இறங்கி நின்றீர்கள். ஒரு தடத்துக்குள் உங்கள் இரண்டு செருப்பும் அடங்கின.

அடுத்த நாளே ரிவோல்வர் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டீர்கள். பயிர் காக்க நீளத் துவக்குக் கேட்டால் ஏதாவது வழி இருக்கும், கைத்துவக்கு எதற்கு என்று ஒவ்வொரு கந்தோரிலும் கேட்டார்களாம். ஒவ்வொரு கந்தோரிலும் நீங்கள் ஒரு விரிவுரை நடத்திவிட்டு வந்தீர்கள். வவுனியாவிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, மிச்ச விரிவுரையை எனக்கு நடத்துவீர்கள்.

உங்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கரடி சொல்லிவிட்டு வருவதில்லை. பாலைப்பழக் காலத்தில் மரத்தடிப் பற்றைக்குள் தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருக்கும். நாம் கிட்டப் போன பிறகுதான் அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும். நீளத் துவக்கைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் அது மேலே விழுந்துவிடும். கட்டைக் குழல் ரிவோல்வர் என்றால் இடுப்பில் இருக்கும், மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் சும்மா இருக்கும், கீழே விழுந்து கிடந்தாலும் ஒரு கையால் அதன் வயிற்றில் வைத்து அழுத்தலாம். இதைச் சொல்லும்போது நான் திருவிக்கொண்டிருந்த தேங்காய்ப் பாதியை எடுத்து வயிற்றில் வைத்தும் காட்டினீர்கள்.

"நீங்கள் வயித்தில வைக்கிற வரைக்கும் அது என்ன, உங்களைப் பார்த்துக்கொண்டு நிக்குமோ?"

"சரி, நிக்காது. எண்டாலும் பெரிய ரவை. ஒண்டு பட்டாலே போதும்."

"கரடிக்குச் சரி. மற்றவருக்கு?" காட்டோரம் இருக்கிறவர்கள் வீட்டிலும் அதன் பெயரைச் சொல்ல மாட்டோம். நீங்கள்தான் 'யானை, யானை' என்று கத்துவீர்கள்.

அங்கேதான் நீங்கள் இறங்கி வருவீர்கள். பொய் சொல்லத் தெரியாத மனிசன். குழல் கட்டையாக இருந்தால் வெடிமருந்து உள்ளே முழுதாக எரியாமல் பாதி வெளியே நெருப்பாகப் போகும், ரவைக்கு வேகம் குறையும் என்று நீங்களே சொன்னீர்கள். உதை மணிக்கட்டைத் தூக்கி அடிக்கும், இரண்டாவது வெடி மரக்கொப்புக்குத்தான் போகும். யானையின் நெற்றி எலும்பு நல்ல தடிப்பு, உள்ளே தேன்வதை மாதிரி அறை அறையாக இருக்கும், மூளை எங்கோ பின்னால். முகாமில் அந்தக் கிழவர் ஒரு தள்ளுவண்டியில் கரடிப் படத்தைக் கட்டி வேகமாக இழுக்கவிட்டு உங்களைச் சுடச் சொன்னாராம். ஒன்றுகூடப் படவில்லையாம்.

"அப்ப உது ஒண்டுக்கும் உதவாது எண்டு நீங்களே சொல்லுறீங்கள்."

"உதவும், பிள்ளை. மனசுக்கு."

நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "லைசென்ஸ் தராட்டி நான் திரும்பிப் போறன்," என்றீர்கள். "வெறுங்கையோட இந்தக் காட்டுக்குள்ள இருக்க என்னால ஏலாது."

இதில் என் பாடுதான் பெரும்பாடு. நாம் பிறந்த வீட்டில் மிச்சம் நாம் இரண்டு பேர். நீங்கள் போய்விட்டால் அப்பாவின் முகச்சாடையை நான் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்தாலோ, அந்தச் சின்னச் சாமானை நம்பி ஒரு நாள் யானைக்கு முன்னால் நிற்பீர்கள். கையில் ஒன்றும் இல்லாதவன் விலகிப் போவான், உங்களுக்கு விலகுகிற புத்தி அந்த உறையோடு போய்விடும் என்று பயந்தேன். காட்டுக்குள் இறங்குகிற இடத்தில், வழிப்போக்கர் எல்லாரும் செய்கிற மாதிரி, ஒரு குழையை முறித்துப் பிள்ளையாருக்கென்று மரத்தில் தொங்கவிடுவேன். மற்ற நாட்களில் போகும் வழிக்குத் துணை கேட்பேன். அந்த மாதங்களில் குழையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அண்ணா. லைசென்ஸ் வர வேண்டும் என்று கேட்பதா, வரக்கூடாது என்று கேட்பதா என்று தெரியாமல்.

சும்மா தொங்குகிற உறையைப் பார்த்த என் கணவர்தான், வனசீவராசிகள் திணைக்களம் தந்த யானை வெடி ஒன்றை எடுத்து அதற்குள் செருகிவிட்டார். "அத்தார், இப்ப சரி. அளவாத்தான் கிடக்கு," என்றார். நீங்களும் கோபிக்கவில்லை.

பிறகு அந்தப் பின்னேரம். கோடை முற்றிக் குளத்தில் நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. நாம் வயலிலிருந்து கட்டு வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன்னால், நீங்கள் பின்னால், வழக்கம்போலக் கதைத்துக்கொண்டு. வீரை மரத்தடியில் நிழல் என்று நான் நினைத்தது அசைந்தது. தனி அலியன், கொம்பில்லாத பெரிய ஆண் யானை. கட்டுக்கு ஏறி வந்து, காதை விரித்து, எங்களைப் பார்த்து நின்றது.

நான் திரும்பி ஓடத்தான் பார்த்தேன். அதற்குள் உங்கள் கை என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளியது. முழங்கால் வலியென்று குந்தக்கூட மாட்டாத நீங்கள் எப்படி அவ்வளவு வேகமாக முன்னால் வந்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வலது கை உறைக்குப் போனது. வெடியை இழுத்தது. இடது கை சட்டைப் பையில் லைட்டரைத் தேடியது. லைட்டர் வயல் கொட்டிலில் இருந்தது.

அது ஒரு அடி எடுத்து வைத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதன் பார்வை நம் மேல் இல்லை, நமக்குப் பின்னால் குளத்தில். கால்நடைகள் இறங்கித் தேய்ந்த பள்ளத்தை மறித்துக்கொண்டு நாம் நிற்கிறோம். அதற்குத் தண்ணீருக்குப் போக வேறு வழி இல்லை. அந்த இடத்தில் வெடி கொளுத்தியிருந்தால் அது நம் மேலால்தான் போயிருக்கும்.

"அண்ணா, வழி விடுங்கோ! அது தண்ணிக்குப் போகுது!"

நீங்கள் அசையவில்லை. உங்கள் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். சாரம் கழன்று கையோடு வந்தது. பிறகு இடுப்பைக் கட்டிப்பிடித்து வயல் பக்கமாகச் சரிந்தேன். இரண்டு பேரும் உருண்டு போய் வாய்க்கால் சேற்றில் விழுந்தோம். அது நம்மைத் திரும்பியும் பார்க்காமல் பள்ளத்துக்கு இறங்கிப் போனது. முன்னங்காலை நொண்டி நொண்டி வைத்தது. போன பிறகு அழுகின புண்ணின் நாற்றம் வந்தது. கட்டு விளிம்பால் நான் எட்டிப் பார்த்தபோது, கரையில் நின்று தும்பிக்கையால் தண்ணீர் அள்ளி அந்தக் காலுக்கு அடித்தது, திரும்பத் திரும்ப.

சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வயல் முஸ்லிம் நானா, "தம்பி, அது பழைய காயம். ஆரோ சுட்ட சன்னம் உள்ளுக்குக் கிடக்கு. கால் எரியுற நாளையில அதுக்கு ஆளையும் தெரியாது, ஊரையும் தெரியாது," என்றார். பிறகு உங்களுக்குச் சாரம் இல்லை என்பதைக் கண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் சேற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். "சுட்டவன் பயத்திலதான் சுட்டிருப்பான்," என்றீர்கள். "நானும் சுட்டிருப்பன், பிள்ளை. அதுக்கு இன்னொரு புண். எங்களுக்குப் புதைக்கிற கிடங்கு."

"பிறகேன் என்னைத் தள்ளிப்போட்டு முன்னுக்கு வந்தனீங்கள்? கையில ஒண்டும் இல்லாமல்?"

கட்டைப் பார்த்தபடி சொன்னீர்கள். "நீங்கள் முள்ளிவாய்க்காலில பங்கருக்குள்ள கிடந்த நாளில நான் அங்க குசினியில டெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். லைன் இல்லை. முட்டை பொரிச்சுக்கொண்டு நிண்டனான். நாப்பது பேருக்குச் சாப்பாடு குடுத்தனான். இந்த முறையும் ஒண்டும் செய்யாமல் நிண்டால் நான் எதுக்கு வந்தனான்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த ரிவோல்வர் உங்களுக்கில்லை, எனக்கென்று கேட்டது. யானைக்கென்றும் இல்லை. நான் உங்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நிண்டனீங்கள்தானே அண்ணா. முன்னால வந்து நிண்டனீங்கள்தானே," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நானா சாரத்தைத் தேடப் போய்விட்டார்.

அடுத்த கிழமை விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டு வந்தீர்கள். உங்கள் மகள் கனடாவிலிருந்து டெலிபோன் எடுத்து, "அப்ப வாறீங்கள்தானே அப்பா?" என்று கேட்டபோது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இல்லையம்மா. இஞ்ச விதைச்சுப்போட்டன்," என்றீர்கள். விதைப்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது.

அதற்குப் பிறகு குளக்கட்டில் நீங்கள்தான் முன்னால் நடந்தீர்கள், கதையைக் குறைத்து, கண்ணைக் கூர்மையாக வைத்து. பள்ளத்தடி வந்ததும் நின்று, பார்த்து, கையைக் காட்டுவீர்கள். பிறகுதான் நான் வருவேன். அலியனைத் தூரத்தில் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவோம். பயம் போகவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பயத்தோடேயே இரண்டு மாரிப் போகம் நெல் வெட்டினோம்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்த நீங்கள் எழும்பவில்லை. யானையும் இல்லை, கரடியும் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த உங்கள் மகள் என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள், "மாமி, அப்பா ஏன் இந்தக் காட்டுக்குள்ள வந்து இருந்தவர்? எங்களோட இருந்திருக்கலாமே." அவளுக்கு நான் நீங்கள் சேற்றில் உட்கார்ந்து சொன்னதைச் சொன்னேன். விடியும் மட்டும் அவள் என் கையை விடவில்லை.

வயலை நான் விடவில்லை, அண்ணா. பின்னால் வருகிற இவருக்குப் பொறுமை இல்லை. "ஏனப்பா இப்பிடி ஊர்ந்துகொண்டு போறாய்? முன்னுக்கு ஆரும் நிக்கினமே?" என்று சத்தம் போடுவார். குளக்கட்டில் ஏறியதும் என் கால் தானாக மெதுவாகிவிடுகிறது. முன்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் இன்றைக்கும் நடக்கிறேன்.